பேச்சு–மொழி சிகிச்சை படிக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை

பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டலியல், பேச்சு–மொழி நோய்க்குறியியல் இளநிலைப் பட்டம்) மாணவர்களை கிளினிக்கில் மேற்பார்வை செய்வது என் வேலை. ஒவ்வொரு வருடமும் முகங்கள் புதிது, கேள்விகள் மட்டும் பழையவை. காரிடாரில் நின்றபடி ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்பை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது பயன்படும். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. பேச்சு, மொழி ரெண்டும் ஒண்ணுதானே மேம்? ஏன் தனித்தனியா எழுதச் சொல்றீங்க?

பேச்சு என்பது வாயிலிருந்து வெளியே வருவது: உச்சரிப்பு, குரல், தடங்கலில்லாத ஓட்டம். மொழி என்பது அதற்கு முன்பே தலைக்குள் நடப்பது: எந்தச் சொல், எந்த வேற்றுமை உருபு, எந்த வரிசை. அதை யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பது தொடர்பாடல்.

மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று ஜன்னலைக் காட்டி "தாத்தா பதந்து போச்சு" என்றது. பறந்தது காக்கா. வினை சரி, இறந்தகாலம் சரி, "போச்சு" என்ற அஃறிணை முடிவுகூடச் சரி. ஒலிகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. அதே வாரம் வந்த ஒரு பையன் டிவி விளம்பரத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது, அம்மாவின் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரைக்கும் இழுத்துப் போவான். முதல் குழந்தைக்குச் சிக்கல் பேச்சில். பையனுக்கு மொழியிலும், அதற்கும் அடியில் இருக்கும் தொடர்பாடலிலும். இந்த இருவரும் கீழே மறுபடி வருவார்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. புது கேஸ் வந்தா முதல்ல என்ன பார்க்கணும்?

காது. உச்சரிப்புப் பிரச்சினையோ, பேச்சுத் தாமதமோ, ஆட்டிசம் என்று யாரோ எழுதி அனுப்பிய கேஸோ, எதுவானாலும் கேட்டல் பரிசோதனை அறிக்கை ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே ஆடியாலஜிக்கு (கேட்டலைச் சோதிக்கும் பிரிவுக்கு) அனுப்புங்கள்.

"கூப்பிட்டா திரும்புறானே, காது நல்லாத்தான் இருக்கு" என்று பாட்டி சொல்வார். தட்டைத் தட்டிக் காட்டுவார், குழந்தையும் திரும்பும். அது சத்தமான ஓசை என்பதோடு, குழந்தை பாட்டியின் கையசைவையும் பார்த்திருக்கலாம். உயர் அதிர்வெண்களில் மட்டும் கேட்டல் குறைந்த குழந்தைக்கு உயிரொலிகள் கேட்கும், 'ஸ', 'ச' போன்றவை நழுவிவிடும். பெயர் சொன்னால் திரும்பும், ஆனால் சொற்களை அரைகுறையாகத்தான் கற்றுக்கொள்ளும்.

பிறந்து 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதுதான் இலக்கு. காதுக்குள் ஒலி செலுத்தி உள்செவியின் எதிரொலியைப் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனையில் பாஸ் என்று எழுதியிருந்தால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். அது உள்செவியின் வெளி மயிர்ச்செல்களை மட்டும் சோதிக்கிறது. நரம்பு வழியில் கோளாறு இருந்தாலும் பாஸ் ஆகும். என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த குழந்தை என்றால், கேட்டல் நரம்பு வழியைச் சோதிக்கும் பெரா அறிக்கையும் வேண்டும். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பிறவிச் செவித்திறன் குறைவின் மரபுக் காரணங்களுக்கு அது முக்கியமான தடயம்.

3. எந்த வயசுல எது வரணும்னு ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொண்ணு போட்டிருக்கே?

சில அட்டவணைகள் சராசரியைச் சொல்கின்றன. சில, பெரும்பாலான குழந்தைகள் எட்டிவிடும் வயதைச் சொல்கின்றன. 50 சொற்கள் என்பதை 24 மாதத்துக்குப் போடும் புத்தகங்கள் உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-ல் திருத்திய பட்டியல் அதை 30 மாதத்தில் வைக்கிறது, 75 சதவீதக் குழந்தைகள் எட்டும் வயதை அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டதால். முரண்பாடு எதுவும் இல்லை, இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

நான் மனதில் வைத்திருப்பது இவ்வளவுதான். 10 மாதத்துக்குள் "பபப", "மமம" மாதிரி அசைகளை அடுக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டி விரலால் சுட்டிக் காட்டலும் முதல் சொல்லும். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்ப்பது. சொற்களை எண்ணுவதற்கு முன்னால் சுட்டுகிறதா, சொன்னது புரிகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் நன்றாக இருந்து பேச்சு மட்டும் பிந்தியிருக்கும் குழந்தையும், இரண்டும் இல்லாத குழந்தையும் ஒன்றல்ல. இருந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது. "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாரு" என்பது ஆறுதலாகச் சொல்லப்படுவது. நமக்கு அது குடும்ப வரலாறு, எழுதிக்கொள்ளுங்கள்.

4. வீட்ல ரெண்டு மொழி பேசுறதாலதான் லேட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாராம். தமிழ் மட்டும் பேசச் சொல்லவா?

வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு உண்டாவதில்லை. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும், ஆம்பூரில் வீட்டில் உருதுவும் கடையில் தமிழும் என்று தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ணுங்கள். தமிழில் 20, தெலுங்கில் 35 என்றால் அந்தக் குழந்தை 20 சொல் குழந்தை இல்லை.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. வீட்டு மொழியை நிறுத்தி இங்கிலீஷில் பேசச் சொல்லும் அறிவுரை. அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அவர் எவ்வளவு பேசிவிட முடியும்? "கம்", "ஈட்", "சிட்" என்று கட்டளைகள்தான் மிஞ்சும். தாலாட்டும் கதையும் அம்மாவுக்கு வரும் மொழியில்தான் வரும்.

5. 'ழ' வரலைன்னா அதைக் குறைன்னு எழுதலாமா?

அதற்கு முன் அம்மாவைப் பேசவிட்டுக் கேளுங்கள். தென்மாவட்டங்களில் பலருடைய பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். சென்னையின் சில தெருக்களில் அது "வாயப்பயம்" ஆகும். வீட்டில் யாரும் சொல்லாத ஒலியைக் குழந்தை சொல்லவில்லை என்றால் அது வட்டார வழக்கு. அப்பா செய்தி வாசிப்பாளர் மாதிரி வேண்டும் என்று கேட்டால் சொல்லித்தரலாம், ஆனால் குறைபாடு என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

ஆங்கிலத்தில் வந்த மதிப்பீட்டு முறைகளை அப்படியே தமிழில் பொருத்தும்போது இன்னும் சில குழிகள் இருக்கின்றன. மரத்தின் படத்தைக் காட்டினால் பேச்சுத் தமிழில் யாரும் கடைசி மகரத்துக்கு உதட்டை மூடுவதில்லை. மூக்கொலியோடு "மரோ" என்றுதான் முடியும். "வந்தான்" என்பதன் னகரமும் அப்படியே. இதை இறுதி மெய் விடுபடல் என்று மார்க் போட்டால் ஊரில் பாதிப் பேர் தேற மாட்டார்கள். "பால்" பேச்சில் "பாலு" ஆவதை ஒலி சேர்த்தல் என்று எழுதிய மாணவரும் உண்டு.

அடுத்தது அதிர்வொலி, அதாவது குரல் நாண் அதிரச் சொல்லும் ஒலி. "பம்பரம்" என்பதில் முதல் பகரமும் இரண்டாவதும் வேறு ஒலி, ஆனால் எழுத்து ஒன்றே. தமிழில் இந்த வித்தியாசம் இடத்தைப் பொறுத்துத் தானாக அமைவது. தமிழ்ச் சொற்கள் அதிர்வொலியில் தொடங்குவதில்லை, பஸ், டப்பா, கேட் போன்ற கடன் சொற்கள்தான் தொடங்குகின்றன. "பஸ்"ஸின் முதலெழுத்தைப் "பல்" மாதிரிச் சொல்லும் பாட்டியிடம் வளரும் குழந்தைக்கு அதிர்விழப்புப் பிழை என்று எழுதும் முன் பாட்டியையும் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள்.

6. காக்காவைத் தாத்தான்னு சொல்ற குழந்தைக்கு என்ன தெரபி? நாக்குப் பயிற்சி கொடுக்கலாமா?

முதல் கேள்வியில் வந்த அந்தப் பெண் குழந்தைதான். எல்லாக் ககரமும் தகரமாகிறது என்றால் ஒரு சொல்லின் பிழையாக அதைப் பார்க்க முடியாது. பின்நாக்கு ஒலிகளை முன்னுக்குத் தள்ளும் ஒரு விதி அவள் தலைக்குள் ஓடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதுக்குள் அது கலைந்துவிடும். கலையாவிட்டால் விதியைத்தான் உடைக்க வேண்டும். அதற்குத் தமிழில் அருமையான ஜோடி இருக்கிறது: காய்–தாய். இரண்டு படத்தையும் மேஜையில் வைத்து "காய் குடு" என்று என்னிடம் கேட்கச் சொல்வேன். "தாய்" என்றால் தாய்ப் படத்தைத் தூக்கிக் கொடுப்பேன். தான் சொன்னதும் தனக்கு வந்ததும் வேறு என்று குழந்தைக்கு உறைக்கும் அந்த நொடியில்தான் சிகிச்சை நடக்கிறது. கை–தை, மலை–மழை, வலி–வழி என்று தமிழ் இதில் வள்ளல்.

மெழுகுவத்தி ஊதுவது, நாக்கை மூக்கு வரை நீட்டுவது போன்ற பயிற்சிகளால் உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அண்ணப்பிளவு அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கும் ஊதல் பயிற்சி கொடுப்பதை இன்றும் பார்க்கிறேன். ஊதும்போது மென்னண்ணம் (வாய்க்கூரையின் மென்மையான பின்பகுதி) மூடுவதும் பேசும்போது மூடுவதும் வேறு வேறு. நாக்குக்கு வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல் போடுவது என்று வீட்டு வைத்தியங்கள் வரும். வசம்பைப் பற்றி மரியாதையோடு "அதனால் பேச்சு வராதும்மா" என்று சொல்லிவிடுங்கள். கூழாங்கல்லுக்கு மரியாதை தேவையில்லை, மூச்சுக்குழாயில் போய் அடைக்கும்.

7. சின்னக் குழந்தை திக்கினா தானா சரியாகும்னு விடலாமா? அதைப் பத்திப் பேசினாலே அதிகமாகும்னு சொல்றாங்களே?

திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. தொடங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு அது தானாகவே மறைந்தும் விடுகிறது. யாருக்கு மறையாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் ஆபத்துக் குறிகளைப் பார்க்கிறோம்: குடும்பத்தில் பெரியவர்களாகியும் திக்குபவர் இருப்பது, ஆண் குழந்தை, தொடங்கி ஒரு வருடம் நெருங்கியும் குறையாமல் இருப்பது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியது. "எனக்கு... எனக்கு அந்த பொம்மை வேணும்" என்று முழுச் சொல்லைத் திருப்புவது பேசப் பழகும் எல்லாக் குழந்தைக்கும் உள்ளது. "எ-எ-எ-எனக்கு" என்பதும், "ம்ம்ம்மாமா" என்று இழுப்பதும், சத்தமே வராமல் கண்ணை இறுக்கி நிற்பதும் வேறு கணக்கு.

பேசினால் அதிகமாகும் என்ற பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1939-ல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி, அனாதை இல்லக் குழந்தைகள் 22 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடமும் "நீ திக்குகிறாய்" என்று சொல்லப்பட்டது. அந்தக் குழந்தைகள் பட்ட பாட்டுக்காகப் பல்கலைக்கழகம் 2001-ல் மன்னிப்புக் கேட்டது. நெறிமுறை வகுப்பில் அந்த ஆய்வு வருவது நியாயம். ஆனால் பெயர் சொன்னதால் திக்குதல் உண்டானது என்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது. எனவே நான்கு வயதுக் குழந்தையிடம் "இப்ப கொஞ்சம் மாட்டிக்கிச்சு இல்ல? பரவால்ல" என்று இயல்பாகப் பேசலாம். "மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று எல்லோர் முன்னாலும் திருத்துவதைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

8. அஃபேசியா, டிசார்த்ரியா, அப்ராக்சியா. வைவாவில் இந்த மூணும்தான் என்னைக் கவுத்துடுது.

முதல் கேள்விக்குத் திரும்புங்கள். அஃபேசியா, பக்கவாதம் போன்றவற்றில் மூளை பாதிக்கப்படுவதால் வரும் மொழியின் கோளாறு. அதனால் பேச்சோடு நிற்காது: புரிதல், வாசிப்பு, எழுத்து எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் தெரியும். மற்ற இரண்டும் பேச்சுக் கோளாறுகள். டிசார்த்ரியாவில் தசையே பலவீனம், விறைப்பு அல்லது ஒத்திசைவின்மை. அதனால் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், குரலும் மூச்சும்கூடப் பாதிக்கலாம். அப்ராக்சியாவில் தசையில் பலம் இருக்கும், அசைவைத் திட்டமிடுவதில்தான் தடுமாற்றம். வாய் சரியான இடத்தைத் தேடித் துழாவும்.

படுக்கையருகே நான் செய்வது: 1 முதல் 10 வரை எண்ணச் சொல்வேன், பிறகு "பத்து", "பத்திரம்", "பத்திரிகை" என்று நீளும் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். அப்ராக்சியா உள்ளவர் எண்களைச் சரளமாக ஓட்டிவிட்டு "பத்திரிகை"யில் மூன்று முறை மூன்று விதமாகத் தடுமாறுவார். டிசார்த்ரியா உள்ளவருக்கு எண்ணும் குழறும், சொல்லும் குழறும். தன் பெயரைச் சொல்ல முடியாத ஒரு பெரியவர் தினமும் பாடும் முருகன் பாட்டை வரி தவறாமல் பாடியபோது வீட்டார் அழுதுவிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பழகிப்போன பேச்சு தப்பிப் பிழைப்பது அபூர்வமில்லை. இரண்டும் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் வரும், வைவாவில் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

அஃபேசியா என்று முடிவானால் மூன்றே கேள்வி: சரளமாகப் பேசுகிறாரா, புரிகிறதா, திருப்பிச் சொல்ல முடிகிறதா. பாரிசில் 1861-ல் பால் புரோக்கா விவரித்த நோயாளி "டான்" என்ற அசையைத்தான் பெரும்பாலும் சொன்னார், ஆனால் பேசியது ஓரளவு புரிந்தது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே எழுதியது இதற்கு நேரெதிர்: தடையில்லாமல் பேசுவார், பொருளிருக்காது, புரிதல் குறைவு. வெர்னிக்கே வகையை "சித்தம் கலங்கிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். அதை விளக்குவதும் நம் வேலை. இரண்டு மொழி தெரிந்தவர் என்றால் இரண்டிலும் சோதியுங்கள். ஆபீசில் வாழ்நாளெல்லாம் இங்கிலீஷில் எழுதியவருக்குத் தமிழ் எழுத்தை மட்டும் காட்டி வாசிப்பு போய்விட்டது என்று எழுதக் கூடாது.

9. மண்டை நரம்பு பன்னிரண்டையும் மனப்பாடம் பண்ணணுமா?

பரீட்சைக்கு ஆமாம். கிளினிக்கில் தினமும் வேண்டியவை 5, 7, 9, 10, 12, கேட்டலுக்கு 8. பத்தாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. குரல் நாணை இயக்கும் அதன் கிளை, இடது பக்கத்தில் மார்புக்குள் இறங்கி மகாதமனியின் வளைவைச் சுற்றிவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. அதனால் நெஞ்சுக்குள் இருக்கும் நோய்கூட முதலில் குரல் கம்மலாகத் தலைகாட்டலாம். நான்கு வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லை என்றால் ஈ.என்.டி. மருத்துவர் குரல்வளையைப் பார்க்கும் வரை குரல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். கத்திக் கத்திப் பாடம் நடத்திய டீச்சர்தானே, குரல் நாணில் முடிச்சாகத்தான் இருக்கும் என்ற ஊகமும் வேண்டாம்.

10. முழுங்குறதும் நம்ம வேலையா? நான் பேச்சுக்குத்தானே சேர்ந்தேன்?

இந்த அதிர்ச்சி இரண்டாம் வருடத்தில் எல்லோருக்கும் வரும். பேசுவதும் விழுங்குவதும் ஒரே பாதை, ஒரே தசைகள், ஏறக்குறைய ஒரே நரம்புகள். விழுங்கும்போது தொண்டையில் நடப்பது சுமார் ஒரு விநாடிதான். அதற்குள் மூச்சு நின்று, குரல்வளை மேலேறி, குரல் நாண்கள் மூடி, உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். தவறினால் உணவு நுரையீரலுக்குப் போகிறது.

தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், இருமவில்லை, அதனால் பாதுகாப்பு என்று எழுதாதீர்கள். சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவது உண்டு, பக்கவாத நோயாளிகளிடம் குறிப்பாக. அதைப் படுக்கையருகே கண்டுபிடிக்க முடியாது. பேரியம் கலந்து எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும், அல்லது மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். தொண்டையைத் தொட்டால் குமட்டல் வருகிறதா என்ற சோதனையை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். நன்றாக விழுங்கும் பலருக்குக் குமட்டலே வராது.

பிறகு உணவு. "லைட்டா ரசம் சாதம் குடுத்தோம்" என்பார்கள். ரசம் சாதம் விழுங்கக் கஷ்டமானவற்றில் ஒன்று: நீர் முன்னால் ஓடும், பருக்கை பின்னால் நிற்கும். குழையப் பிசைந்த தயிர் சாதம் ஒரே பதமாக இருப்பதால் பலருக்கு எளிது. பதத்தைக் "கெட்டியா" என்று சொன்னால் ஆளுக்கொரு கெட்டி. உணவு, பானங்களின் பதத்தை வகைப்படுத்தும் சர்வதேச ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவுகோலில் 0 முதல் 7 வரை எண் இருக்கிறது. 10 மில்லி சிரிஞ்சில் கஞ்சியை ஊற்றி 10 விநாடி ஒழுகவிட்டு, 4 முதல் 8 மில்லி வரை மீதி நின்றால் அது 2-ம் நிலை. 10 மில்லி சிரிஞ்சுகளும் எல்லாம் ஒரே நீளம் இல்லை, ஐ.டி.டி.எஸ்.ஐ. சொல்லும் நீளம்தானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கஞ்சி காய்ச்சுபவருக்கே இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆறினால் கஞ்சி இறுகும் என்பதையும் அவரே உங்களுக்குச் சொல்வார்.

11. இன்டர்ன்ஷிப் முடிஞ்சதும் கிளினிக் போட்டுடலாமா?

ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் வாங்கிய பிறகுதான். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்வது தண்டனைக்குரியது. போர்டில் எண்ணையும் போடுங்கள். மூன்று வாரப் பயிற்சி முடித்துவிட்டு "ஸ்பீச் தெரபிஸ்ட்" என்று எழுதிக்கொள்பவர்களுக்கும் உங்களுக்கும் பெற்றோருக்குத் தெரியும் வித்தியாசம் அந்த எண்தான்.

12. பார்த்தவுடனே ஆட்டிசம்னு தெரியுது. ஆனா ஃபைல்ல யாரும் எழுதலை. நான் அம்மாகிட்ட சொல்லலாமா?

விளம்பரம் ஒப்பித்த பையனின் அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என் மாணவியிடம் கேட்டார்: "ஆட்டிசமா மேடம்?" அவள் பதறி "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றுவிட்டாள். அந்தப் பொய்யால் மூன்று மாதம் போயிற்று.

நோய்ப்பெயரை உறுதி செய்வது குழுவின் வேலை. குழந்தை வளர்ச்சி மருத்துவரும் உளவியலாளரும் பார்க்க வேண்டும். ஆனால் பார்த்ததைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, கடமையும்கூட. "பெயர் சொல்லி ஆறு முறை கூப்பிட்டேன், ஒரு முறை திரும்பினான். எதையும் சுட்டிக் காட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்துக் கேட்கிறான். இதை வளர்ச்சி மருத்துவரிடம் காட்ட வேண்டும், இந்த வாரமே" என்று சொல்லுங்கள். கூடவே, பெயர் கிடைக்கும் வரை சிகிச்சை காத்திருக்காது என்பதையும். கேட்டல் அறிக்கையைச் சரிபார்த்தீர்களா என்று நான் கேட்பேன், தயாராக இருங்கள்.

13. டெஸ்ட்ல நார்மல்னு வருது, அம்மா மட்டும் சரியில்லைங்கறாங்க. யாரை நம்புறது?

பெரும்பாலும் அம்மாவை. படத்தைத் தொட்டுக் காட்டும் சோதனையில் நூற்றுக்கு எண்பது எடுத்த குழந்தை, நேற்றுப் பள்ளியில் நடந்ததை நான்கு வாக்கியமாகக் கோத்துச் சொல்ல முடியாமல் திணறலாம். அந்தச் சோதனை அதைக் கேட்கவே இல்லை. பதினைந்து நிமிடம் விளையாட்டுச் சாமான்களோடு உட்கார்ந்து குழந்தை பேசுவதைப் பதிவு செய்து, சொல் சொல்லாக எழுதுங்கள். அலுப்பான வேலை, மாற்று இல்லை.

எழுதியதை அளக்கும்போது மறுபடி 5-வது கேள்வியின் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஐந்து சொல் ஆகும் கருத்தைத் தமிழ் ஒரே சொல்லில் முடித்துவிடும். "வரமாட்டேன்" என்பதில் வினை, எதிர்மறை, தன்மை, ஒருமை நான்கும் இருக்கின்றன. சொற்களை மட்டும் எண்ணினால் தமிழ்க் குழந்தை பின்தங்கியதாகத் தெரியும். ஆங்கில அட்டவணையோடு உருபன்களை (பொருள் தரும் மிகச் சிறிய கூறுகளை) ஒப்பிட்டால் முன்னேறியதாகத் தெரியும். இரண்டும் தப்பு. -ஐ, -க்கு, -ல, -ஓட என்று எந்த உருபுகள் வருகின்றன, "அவன் வந்தா" என்று பால் முடிவு பிசகுகிறதா என்று நேரடியாகப் பாருங்கள். ("வந்தா" என்பதன் கடைசியில் மூக்கொலி இருந்ததா என்று பதிவைத் திரும்பக் கேளுங்கள். இருந்தால் அது "வந்தான்", பிழையில்லை. இந்த இடத்தில் நானே ஏமாந்திருக்கிறேன்.)

14. எப்ப பேசுவான்னு கேட்டா என்ன சொல்றது?

தேதி சொல்லாதீர்கள். "ஆறு மாசத்துல பேசிடுவான்" என்று சொன்னவரை ஏழாவது மாதத்தில் அந்தக் குடும்பம் மறக்காது. "சொல்ல முடியாதும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் கொடுமை.

அந்தப் பையனின் அம்மாவிடம் நான் சொன்னது இது. இப்போது கையை இழுக்கிறான், அதாவது உங்களிடம் கேட்கிறான். அடுத்து, கையை விட்டுவிட்டுப் படத்தைக் கொடுத்துக் கேட்க வைப்போம். படம் கொடுத்தால் சோம்பேறியாகிப் பேச மாட்டான் என்று மாமியார் சொல்வார்கள், அப்படி நடப்பதில்லை. பிறகு சுட்டிக் காட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா என்று பார்ப்போம். தண்ணீர் பாட்டிலை அவன் கைக்கெட்டாத, கண்ணுக்குத் தெரியும் அலமாரியில் வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டான், எப்படிக் கேட்டான் என்று காலண்டரில் கோடு போடுங்கள். எட்டு வாரம் கழித்து அந்தக் காலண்டரைக் கிழித்துக் கொண்டு வாருங்கள்.

அவர் போனை வாங்கி எட்டாவது வார அப்பாயின்ட்மென்ட்டை அலாரத்தோடு போட்டுக்கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சீட்டில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துவிடுகிறது.